உலோக மண்ணில் உயிரின் விலை

துன்பம் உயிரைப் பக்குவப்படுத்துகிறது என்ற நம்பிக்கை இந்தியச் சமய மரபுகள் பலவற்றிலும் ஆழமாக வேரூன்றியது. தாங்கும் ஆற்றல் தாங்குவதாலேயே வளர்கிறது, அப்படித் தாங்கிய உயிர் மேல்நிலைக்கு உயர்கிறது என்பது அதன் சாரம். இந்த நம்பிக்கைக்கு இயற்கையில் சான்று தேடுவோருக்கு, செம்பும் ஈயமும் துத்தநாகமும் மண்டிக் கிடக்கும் நிலத்தில் பச்சை குன்றாமல் நிற்கும் புல்லைவிட வாகான காட்சி கிடைக்காது. மற்றச் செடிகள் ஒரு பருவம்கூடப் பிழைக்காத மண்ணில் அது தலைமுறை தலைமுறையாக வாழ்வதைப் பார்க்கும்போது, நஞ்சோடு போராடிப் போராடியே அது நஞ்சை வென்றிருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அந்தப் புல் அங்கே எவ்வாறு நிலைபெற்றது என்பதைக் கடந்த எழுபது ஆண்டுகளில் தாவரவியல் பெரும்பாலும் தெளிவாகக் கண்டறிந்துவிட்டது; அந்த விளக்கம் மேற்சொன்ன நம்பிக்கையைக் கடுமையான சோதனைக்கு உள்ளாக்குகிறது. அச்சோதனையை எண்ணிப் பார்ப்பதற்குக் கொல்கத்தா மிகப் பொருத்தமான நகரம். உலோகமும் தாவரமும் நஞ்சுக்கு ஒரே வகையில் மறுவினை காட்டுகின்றன என்று நிறுவ முயன்ற ஜகதீஷ் சந்திர போஸ் ஆய்வு நடத்தியது அங்கேதான். ஒரு மரபணு ஓர் இனமெங்கும் பரவ எத்தனை சாவுகள் வேண்டும் என்று கணக்கிட்ட ஜே. பி. எஸ். ஹால்டேன், உயிர்வதை இல்லாத உயிரியலைத் தேடி வந்து சேர்ந்ததும் அங்கேதான். தோல் பதனிடும் ஆலைகளின் குரோமியம் கலந்த கழிவுநீர் பல பத்தாண்டுகள் ஓடியதும் அந்நகரின் கிழக்கு ஓரத்தில்தான்.

உலோகம் மிகுந்த மண் சில இடங்களில் இயற்கையாகவே அமைகிறது. பூமியின் மேலோட்டுக்குக் கீழிருந்து மேலெழுந்த மக்னீசியம் நிறைந்த பாறைகள் உதிர்ந்து உருவாகும் மண்ணில் நிக்கலும் குரோமியமும் மிகுதி, கால்சியம் குறைவு. அந்தமான் தீவுகளிலும் சேலத்துச் சுண்ணாம்புக் குன்றுகள் என்று பெயர்பெற்ற வெள்ளைக்கல் நிலத்திலும் இத்தகைய பாறைகள் உள்ளன. மற்ற இடங்களில் சுரங்கம், உருக்காலை, சாயப்பட்டறை, தோல் ஆலை ஆகியவற்றின் கழிவால் மனிதனே அம்மண்ணை உண்டாக்குகிறான். செம்பும் துத்தநாகமும் மிகச் சிறிய அளவில் எல்லாத் தாவரங்களுக்கும் தேவையானவை. அளவு மிஞ்சும்போது அவை உயிரணுவிலுள்ள புரதங்களின் கந்தகப் பகுதிகளைப் பற்றிக்கொண்டு அவற்றின் வேலையைக் கெடுக்கின்றன. செம்பு போன்றவை உயிரணுவைச் சிதைக்கும் ஆக்சிஜன் வடிவங்களையும் தூண்டுகின்றன. முதலில் வேரின் நுனி வளர்வது நிற்கும். வேர் நீளாத செடிக்கு நீரும் கிடைக்காது, மணிச்சத்தும் கிடைக்காது.

வேல்ஸ் நாட்டின் கைவிடப்பட்ட ஈய, துத்தநாகச் சுரங்க மேடுகளில் அக்ராஸ்டிஸ் என்னும் சாதாரண மேய்ச்சல் புல் வளர்வதைக் கண்ட அந்தோணி பிராட்ஷா, அம்மேட்டுப் புல்லும் பக்கத்து மேய்ச்சல் நிலத்துப் புல்லும் ஒரே இனமாக இருந்தும் மரபு வழியில் வேறுபட்டவை என்று 1952இல் அறிவித்தார். இதைச் சோதிப்பதற்குப் பின்னர் வழக்கமான முறை மிக எளியது. ஒரே தூரிலிருந்து கிளைகளைப் பிரித்து, சிலவற்றைக் கால்சியம் நைட்ரேட் கரைந்த நீரிலும், மற்றவற்றை அதே நீரில் சிறிதளவு செம்பு சேர்த்தும் நிறுத்துவார்கள். சில நாட்களுக்குப் பின் ஒவ்வொன்றிலும் மிக நீண்ட வேரை அளந்து, செம்பு நீரில் வளர்ந்த நீளத்தை வெறும் நீரில் வளர்ந்த நீளத்தால் வகுப்பார்கள். மேய்ச்சல் நிலத்துப் புல்லின் வேர், செம்பு நீரில் குட்டையாகத் தடித்துப் பழுப்பேறி நின்றுவிடும். செம்புச் சுரங்க மேட்டுப் புல்லின் வேர் வெள்ளையாக, ஏறத்தாழ முழு நீளத்துக்கு இறங்கும். நல்ல மண்ணில் பல ஆண்டுகள் வளர்த்த பின்னும், விதை எடுத்து அடுத்த தலைமுறையைச் சோதித்த பின்னும் இந்த வேறுபாடு மறைவதில்லை.

இதற்கு அடுத்த கட்டச் சோதனைதான் சமயச் சிந்தனைக்கு நேரடியாகத் தொடர்புடையது. நஞ்சையே கண்டிராத மேய்ச்சல் நிலத்துப் புல்லின் விதைகளை ஆயிரக்கணக்கில் செம்புக் கழிவு கலந்த மண்ணில் விதைத்தபோது, ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு நாற்றுகள் மட்டும் வேர்விட்டு நின்றன. அவற்றின் தாங்குதிறன் சுரங்க மேட்டுப் புல்லுக்கு ஏறத்தாழ இணையாக இருந்தது. அதே வகையில் விதைக்கப்பட்ட வேறு பல இனங்களில் ஒரு நாற்றுகூடத் தேறவில்லை. அந்த இனங்கள் சுரங்க மேடுகளில் காணப்படுவதும் இல்லை. தாங்கும் மரபணு வடிவம், நஞ்சு வருவதற்கு முன்பே, நஞ்சோடு எவ்விதத் தொடர்பும் இல்லாமல், தற்செயலான மாற்றத்தால் அந்த ஒன்றிரண்டு விதைகளில் அமைந்திருந்தது. நஞ்சு எதையும் கற்பிக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததை விட்டுவைத்து, இல்லாதவற்றைக் கொன்றது. பட்ட துன்பத்தால் ஒரு நாற்றுகூடத் தாங்குதிறன் பெறவில்லை. துன்பப்பட்டவை மாண்டன, பிழைத்தவை தொடக்கத்திலிருந்தே அவ்வளவாகத் துன்பப்படாதவை.

கொல்கத்தாவின் பழைய செங்கல் சுவர்களில் காரை உதிர்ந்த இடுக்குகளில் தழைக்கும் ஒரு பெரணி இதை மேலும் தெளிவாக்குகிறது. டெரிஸ் விட்டாட்டா என்பது அதன் அறிவியல் பெயர். நீண்ட காம்பின் இரு பக்கமும் ஏணிப்படிபோல் குறுகிய இலைகள் அடுக்கப்பட்ட, சுண்ணாம்பை விரும்பும் தாவரம். அது மண்ணிலுள்ள ஆர்செனிக்கை, அதாவது உலோகத்தின் தன்மையும் அலோகத்தின் தன்மையும் கலந்த நச்சுத் தனிமத்தை, உறிஞ்சி இலைகளில் குவிக்கிறது என்று லீனா மாவும் அவருடைய குழுவினரும் 2001இல் கண்டனர். இலையின் உலர் எடையில் இரண்டு விழுக்காட்டுக்கு மேல் ஆர்செனிக் சேர்ந்தும் அது வாடுவதில்லை. பூக்கும் தாவரங்கள் தம் பரிணாம வழியில் இழந்துவிட்ட ஏசிஆர்3 என்ற மரபணு இப்பெரணியில் எஞ்சியிருக்கிறது. அது ஆக்கும் புரதம் ஆர்செனிக்கை உயிரணுவுக்குள் இருக்கும் நீர்ப்பையில் அடைத்துப் பூட்டுகிறது. நஞ்சில்லாத மண்ணில் வளரும் பெரணிக்கும் இதே திறன் உண்டு. சுவர் இடுக்கில் நிற்கும் செடி தன் வாழ்நாளில் கண்டிராத நஞ்சுக்கான பூட்டை உடலுக்குள் வைத்திருக்கிறது. அந்தப் பூட்டை அது எந்தத் தவத்தாலும் ஈட்டவில்லை.

ஒரு செடி தன் வாழ்நாளுக்குள் நஞ்சுக்கு எந்த மறுமொழியும் தருவதில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. காட்மியம் போன்ற உலோகம் வேரில் நுழைந்ததும், பெரும்பாலான தாவரங்கள் அதைக் கவ்விக்கொள்ளும் சிறு புரதச் சங்கிலிகளைச் சில மணி நேரத்துக்குள் கட்டத் தொடங்குகின்றன. இந்த மறுமொழியைத்தான் போஸ் வேறொரு கோணத்திலிருந்து கண்டார். 1901 மே 10 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் நிகழ்த்திய உரையில், தசை, தாவரம், உலோகக் கம்பி ஆகிய மூன்றும் தூண்டுதலுக்குக் காட்டும் மின் மறுவினைகளை வரைகோடுகளாகப் பதிந்து பக்கத்துப் பக்கமாக வைத்தார். மூன்றும் களைத்தன, மூன்றும் தேறின, மூன்றின் துடிப்பும் நச்சுப்பொருளால் அடங்கியது. உயிருள்ளதற்கும் உயிரற்றதற்கும் இடையே கோடு கிழிக்க முடியாது என்ற முடிவுக்கு வந்த அவர், பன்மையில் ஒருமையைக் கண்ட கங்கைக்கரை முன்னோரின் மெய்யறிவை நினைவுகூர்ந்தே அவ்வுரையை முடித்தார். 1917 நவம்பர் 30 அன்று தாம் கொல்கத்தாவில் தொடங்கிய ஆய்வுக்கூடத்தை அவர் ஒரு கோவிலாகவே கருதினார். உலோகம் துடிக்கிறது என்ற அவருடைய முடிவைப் பின்வந்த அறிவியல் ஏற்கவில்லை. தாவரங்கள் மின் குறிப்புகளால் உணர்ந்து செயல்படுகின்றன என்ற பகுதி நிலைத்துவிட்டது.

போஸ் காட்டிய ஒருமை ஒவ்வொரு தனி உயிரின் மறுவினையைப் பற்றியது. நஞ்சு தீண்டிய ஒரு செடி என்ன செய்கிறது என்று அவர் கேட்டார். நஞ்சு தீண்டிய ஓர் இனம் என்ன ஆகிறது என்ற கேள்வி அவருடைய கருவிகளின் எல்லைக்கு வெளியே இருந்தது. முதற்கேள்விக்குக் கிடைக்கும் விடை ஆன்மிக உள்ளத்துக்கு ஆறுதல் தரும். இரண்டாவது கேள்விக்கான விடையில் அந்த ஆறுதல் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கி, செடி தாங்கப் பழகியது, ஆகையால் இனம் மேம்பட்டது என்று சொல்வதிலேயே இத்துறை பற்றிய பக்திப் பேச்சுகள் பெரும்பாலும் வழுக்குகின்றன.

இரண்டாவது கேள்விக்கு எண்ணால் விடை சொன்னவர் ஹால்டேன். 1957இல், பிரசாந்த சந்திர மகலனோபிஸின் அழைப்பை ஏற்றுக் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குத் தம் மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் அவர் குடிபெயர்ந்த அதே ஆண்டில், இயற்கைத் தேர்வின் விலை என்ன என்று ஆராயும் அவருடைய கட்டுரை ஜர்னல் ஆஃப் ஜெனெடிக்ஸ் இதழில் வெளிவந்தது. ஒரு பழைய மரபணு வடிவத்தின் இடத்தைப் புதியதொரு வடிவம் முழுமையாகப் பிடிப்பதற்குள், தேர்வின் காரணமாக மட்டும் நேரும் சாவுகளின் மொத்தம், ஒரு தலைமுறையில் அந்த இனத்திலுள்ள உயிர்களின் எண்ணிக்கையைப்போல் சராசரியாக 30 மடங்கு ஆகும் என்பது அவருடைய மதிப்பீடு. இதிலிருந்து, மெல்ல நடக்கும் பரிணாமத்தில் ஒரு மாற்றத்துக்குச் சுமார் 300 தலைமுறைகள் தேவை என்றும் அவர் கணித்தார். தேர்வு மெதுவாக நடந்தாலும் விரைவாக நடந்தாலும் மொத்தச் சாவு பெரிதும் மாறுவதில்லை. தொடக்கத்தில் அந்த வடிவம் எவ்வளவு அரிதாக இருந்தது என்பதே அதை நிர்ணயிக்கிறது என்பது அக்கட்டுரையின் திகைக்கவைக்கும் முடிவு. எப்படியும் நெருக்கடியால் இறந்திருக்கக்கூடிய நாற்றுகளையும் இக்கணக்கு சேர்த்துக்கொள்கிறது என்று பின்வந்த மரபியலாளர்கள் மறுப்புரைத்தனர்; பல சூழல்களுக்கு அம்மறுப்பு பொருந்தும். செம்பு மேட்டில், ஒரு நாற்று தனியாக நின்றாலும் அண்டைச் செடியோடு நின்றாலும் அதை நஞ்சே கொல்வதால், அங்கே மறுப்பின் வலிமை குறைகிறது.

இவ்வளவு சாவுகளை எண்ணிய மனிதர் கொல்கத்தாவில் எவ்வகை ஆய்வை ஊக்குவித்தார் என்பது கவனிக்கத்தக்கது. அவர் புலால் உண்பதை விட்டார். விலங்கைக் கொல்லாமலும் செடியைச் சிதைக்காமலும் செய்யக்கூடிய உயிரியலை இந்தியாவில் வளர்க்க வேண்டும் என்று வற்புறுத்தினார். நிறுவனத்தில் சுபோத் குமார் ராய் பவழமல்லிப் பூக்களின் இதழ்களை எண்ணினார், டி. ஏ. டேவிஸ் தென்னை மரங்களில் மட்டைகள் இடமாகச் சுழல்கின்றனவா வலமாகச் சுழல்கின்றனவா என்று கணக்கெடுத்தார். மனிதனுக்கும் மற்ற உயிர்களுக்கும் இடையே கடக்க முடியாத சுவரை எழுப்பாத இந்தியச் சமயங்கள் பரிணாமக் கொள்கையை இயல்பாக ஏற்கக்கூடியவை என்று ஹால்டேன் கருதினார். அவர் நாத்திகர், கடவுளின் கணக்கில் எந்தச் சாவையும் அவர் எழுதிவைக்கவில்லை. இயற்கை கொடிய விலை கேட்கிறது என்று அறிந்த ஒருவர், அதனாலேயே தம் பங்குக்கு ஒரு சாவையும் கூட்டாமலிருக்க முயன்றார் என்பது, நுட்பமான இறையியல் விவாதங்கள் பலவற்றைவிட நேர்மையான நிலைப்பாடு.

சமய மரபுகளும் இக்கேள்விக்கு விடை இல்லாமல் நிற்கவில்லை. புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர்களாகத் தொல்காப்பிய மரபியல் வகுக்கிறது. உயிர் கடந்துவந்த பிறவிகளைத் திருவாசகத்தின் சிவபுராணம் புல்லிலிருந்தே எண்ணத் தொடங்குகிறது. சைவ சித்தாந்தம், பிறவிகள்தோறும் வினைகளை நுகர்ந்து கழிப்பதால் ஆணவ மலம் பக்குவம் அடைகிறது என்று கொண்டு, அதை மலபரிபாகம் என்று அழைக்கிறது. சமணம் இன்னும் துல்லியமாகப் பேசுகிறது. உயிரில் ஒட்டிய வினைத்துகள்கள் உதிர்வதை நிர்ஜரை என்று குறிக்கும் அச்சமயம், விரும்பி ஏற்ற தவத்தால் நேரும் உதிர்வையும், விருப்பமின்றி வந்து விழுந்த துன்பத்தைப் பொறுத்ததால் நேரும் உதிர்வையும் பிரிக்கிறது. பின்னதற்கு அகாம நிர்ஜரை என்று பெயர். உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் இதை மேலான பிறவிக்கு இட்டுச்செல்லும் காரணங்களுள் ஒன்றாகவே எண்ணுகிறது. இக்கோட்பாட்டின்படி செம்பு மண்ணில் ஆயிரத்துக்கு 998 என்ற அளவில் வாடி மாண்ட நாற்றுகளின் துன்பம் வீணாகவில்லை; அவற்றின் உடல்கள் மண்ணோடு போயின, உயிர்கள் ஒரு படி ஏறின.

இந்த விடையின் வலிமையை ஒப்புக்கொள்ள வேண்டும். தாங்கும் மரபணு யாருக்குக் கிடைத்தது என்ற கேள்வியையும், துன்பத்தின் பயன் யாரைச் சேர்ந்தது என்ற கேள்வியையும் அது கலக்கவில்லை. உடல்வழி மரபு ஒரு பாதையில் செல்கிறது, உயிர்வழி வினை மற்றொரு பாதையில் செல்கிறது என்று இரண்டையும் பிரித்து வைத்திருப்பதால், பிராட்ஷாவின் புல் சமணத்தைப் பொய்யாக்க முடியாது. ஆனால் அதே காரணத்தால் சமணமோ சைவமோ அந்தப் புல்லைத் தமக்குச் சான்றாகவும் காட்ட முடியாது. சுரங்க மேட்டில் கண்ணுக்குத் தெரியும் பசுமை, துன்பம் பயன் தந்ததற்கான அடையாளம் அன்று. பயன் இருந்தால் அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மாண்டவற்றின் பக்கம் இருக்கிறது. பிழைத்ததைக் காட்டித் துன்பத்தைப் போற்றும் பேச்சு, கோட்பாட்டுக்கும் உண்மையாக இல்லை, நிலத்துக்கும் உண்மையாக இல்லை.

பிழைத்ததும் முழு வெற்றி பெற்றதாகச் சொல்ல இயலாது. தாங்குதிறன் பெற்ற புல்லை நல்ல மண்ணில் மற்றப் புல்லோடு கலந்து நட்டால் பெரும்பாலும் பின்தங்கிப்போகிறது. ஆகவேதான் சுரங்க வேலியைத் தாண்டிச் சில அடி தூரத்திலேயே அதன் எண்ணிக்கை சரிகிறது. கலிபோர்னியாவில் கோப்பரோபோலிஸ் என்னும் செம்புச் சுரங்க ஊரில் வளரும் மிமுலஸ் என்ற மஞ்சள் பூச்செடியின் வரலாறு இன்னும் வியப்பானது. அங்கே செம்பைத் தாங்கும் மரபணுவுக்கு மிக அருகில், அதே குரோமோசோமில், வேறொரு மரபணு வடிவம் ஒட்டியிருந்தது. தாங்கும் வடிவம் தேர்வால் பரவியபோது அதுவும் உடன்சேர்ந்து பரவியது. அந்த இரண்டாம் வடிவத்துக்குச் செம்போடு தொடர்பில்லை. ஆனால் சுரங்கத்துச் செடி வேறு சில இடங்களின் மிமுலஸோடு கலக்கும்போது, பிறக்கும் கலப்பு நாற்றுகளின் திசுவை அழுகச்செய்து அது கொல்கிறது. இவ்விரண்டும் தனித்தனி மரபணுக்கள் என்பது 2013இல் நிறுவப்பட்டது. நஞ்சிலிருந்து தப்பியதன் உடன்விளைவாக உறவினத்தோடு கலக்கும் வழி அடைபட்டது. அந்தப் பகைக்கு எவ்விதக் காரணமும் தேவைப்படவில்லை, பக்கத்தில் இருந்தது போதுமானதாக இருந்தது. வினைக்கேற்ற பயன் என்ற ஒழுங்கை இயற்கையில் அப்படியே வாசிக்க விரும்புவோர் இங்கே நின்று எண்ண வேண்டும்.

இவையெல்லாம் கொல்கத்தாவின் கிழக்கு எல்லையில் வெறும் கோட்பாட்டுச் சிக்கலாக இருப்பதில்லை. டேங்கரா, தில்ஜலா, டோப்சியா, பாக்லாடாங்கா பகுதிகளில் பல தலைமுறைகளாக இயங்கிய தோல் ஆலைகள், பச்சைத் தோலைக் கெடாத தோலாக மாற்றக் குரோமிய உப்பைப் பயன்படுத்தின. தோலில் ஏறாமல் மிஞ்சிய உப்பு வாய்க்கால்களில் இறங்கியது. நகரின் கழிவுநீரைக் கொண்டே மீன் வளர்க்கும், நெல்லும் காய்கறியும் விளைவிக்கும் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம், 12,500 ஹெக்டேர் பரப்புடன் 2002இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்குள்ள மீனவர்கள் பேரி என்றழைக்கும் மீன்குளங்களின் கரையோரம் ஆகாயத்தாமரையை வரிசையாகக் கட்டிவைக்கிறார்கள். அது அலை மோதிக் கரை அரிக்காமல் காப்பதோடு, உலோகங்களை வேரில் பிடித்தும் வைக்கிறது. இந்த ஈரநிலத்தின் அறிவை உலகுக்கு எடுத்துரைத்த துருவஜோதி கோஷ், நகரத்துக்கு இயற்கை அளித்த சிறுநீரகம் என்ற உருவகத்தால் அது அறியப்படக் காரணமானவர். அவருடைய உழைப்பின் பெருமை குறையாமல் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அழுகும் பொருளை வெயிலும் பாசியும் பாக்டீரியாவும் உடைத்து மீனுக்கு உணவாக்குகின்றன. குரோமியம் ஒரு தனிமம், அதை எந்த உயிரும் உடைக்க முடியாது. வேருக்கும், சேற்றுக்கும், மீனுக்கும், நகரின் குப்பை சேரும் தாபா நிலத்தில் விளையும் கீரைக்கும் அது இடம் மாறலாம், அவ்வளவே. இயற்கை பழகிக்கொள்ளும் என்று சொல்லிக் கழிவைத் திறந்துவிடுபவர், எங்கோ ஒரு விதையில் தற்செயலாக ஒரு மரபணு இருக்கும் என்பதை நம்பியே அப்படிச் சொல்கிறார். அது இல்லாத மற்ற விதைகளின் சாவையும் சேர்த்தே அவர் தீர்மானிக்கிறார்.

மனிதருக்கு இக்கணக்கு எப்படி இருக்கும் என்பதையும் வங்காளமே காட்டிவிட்டது. குளத்து நீரால் பரவிய காலராவுக்கும் வயிற்றுப்போக்குக்கும் அஞ்சி, நல்ல நோக்கத்தோடு கிராமம்தோறும் குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. ஆற்று வண்டலின் ஆழத்தில் பாறைத் துகள்களோடு உறங்கிக்கொண்டிருந்த ஆர்செனிக் அந்நீரோடு மேலேறியது. 1983இல் கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருத்துவர் கே. சி. சாகா, தோலில் கரும்புள்ளிகளும் உள்ளங்கையில் தடிப்புகளுமாக வந்த மேற்கு வங்க நோயாளிகளிடம் இந்நஞ்சை இனங்கண்டார். இதைத் தாங்கும் மரபணு மனிதரிலும் உண்டு. வட அர்ஜென்டினாவின் ஆண்டிஸ் மலையூரான சான் அந்தோனியோ டெ லோஸ் கோப்ரெஸில் வாழ்வோரிடம், ஆர்செனிக்கை விரைவாக வெளியேற்ற உதவும் ஏஎஸ்3எம்டி மரபணு வடிவம் மிகுந்திருப்பதை 2015இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அம்மலைநாட்டில் மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக நச்சு கலந்த நீரைக் குடித்துவந்ததன் தடம் அது. ஹால்டேனின் 300 தலைமுறைகளை, தலைமுறைக்கு 25 ஆண்டு என்று வைத்துப் பெருக்கினால் 7,500 ஆண்டுகள் வரும். ஆண்டிஸ் மக்களின் உடல் பெற்ற பேறு, பிறந்து பெயரிடப்பட்டுப் புதைக்கப்பட்ட எத்தனையோ குழந்தைகளின் வழியாக வந்தது. மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டத்துத் தாய் ஒருத்தியிடம் இதை ஆறுதலாகச் சொல்லத் துணியும் எந்தச் சமயமும் தன்னைத்தானே இழந்துவிடும்.

ஆகவே சமய மரபுகளிடம் இவ்விடத்தில் கேட்க வேண்டியது துன்பப்பட்டவரின் வினையைப் பற்றிய விளக்கம் அன்று. அதே தத்துவார்த்த சூத்திரம், ஒரு தீச்செயலைச் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என்று மூன்றையும் வினை சேரும் வாயில்களாக எண்ணுகிறது. ஓரறிவு உயிருக்கு இழைப்பதும் இதிலிருந்து விலக்குப் பெறவில்லை. 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகள் குறித்து இரண்டு தீர்ப்புகளை அளித்தது. ஆகஸ்டில் வந்தது பாலாற்றுக் கரையின் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்தைப் பற்றியது. டிசம்பர் 19 அன்று வந்தது கொல்கத்தா ஆலைகளைப் பாந்தலாவுக்கு மாற்ற ஆணையிட்டது. இரண்டிலும் ஆலை ஒன்றுக்கு ரூ.10,000 தண்டம் விதிக்கப்பட்டது; மாசுபடுத்தியவர் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ஈடு தருவதோடு, கெட்ட நிலத்தை மீட்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற நெறி இரண்டுக்கும் அடிப்படையாயிற்று. சமணம் சொல்லும் மூன்று வாயில்களில் முதலிரண்டைச் சட்டம் ஒருவாறு தொட்டிருக்கிறது. மூன்றாவதான உடன்பாடு, குரோமியத்தால் பதனிட்ட தோலை வாங்கி அணியும் லட்சக்கணக்கானவர்களிடம் சிதறிக்கிடக்கிறது. கீழ்நோக்கி ஓடிய கழிவில் முளைத்து மாண்ட விதைகளுக்கு அவர்களும் கணக்குச் சொல்ல வேண்டியவர்களா என்ற கேள்வியைச் சட்டம் கேட்காது, உயிரியல் கேட்க இயலாது. அதைக் கேட்கும் சொற்களும் மரபும் சமயத்திடம்தான் இருக்கின்றன.